ரோபோ ஒரு பாலம்தான்: ஆட்டிசம் உள்ள குழந்தைகளும் விளையாட்டுத் தொழில்நுட்பமும்



ப்ராஜெக்ட் சீசன் வந்துவிட்டால் நம்ம காலேஜ்ல ஒரு தலைப்பு வருஷா வருஷம் கண்டிப்பா தலைகாட்டும்: "ஆட்டிசம் குழந்தைகளுக்கான ரோபோ". கேட்க நல்லா இருக்கும். ரிவ்யூவில் மார்க்கும் விழும். நாலு பேருக்கு நல்லது செஞ்ச திருப்தியும் கிடைக்கும். நானும் என் டீமும் மூன்றாம் ஆண்டு மினி ப்ராஜெக்டுக்கு இதையேதான் எடுத்தோம்.

தெர்மாகோல் உடம்பு, எல்இடி மேட்ரிக்ஸ் முகம், இரண்டு கைக்கும் செர்வோ மோட்டார், கீழே நான்கு சக்கரம், உள்ளே ஒரு ஆர்டுயினோ. லேபில் எல்லாரும் கைதட்டினார்கள். அதே ஜோரில் ஒரு சிறப்புப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆன் பண்ணினோம். செர்வோ "கிர்ர்ர்" என்று கையைத் தூக்கியது. எதிரில் உட்கார்ந்திருந்த ஏழு வயசுப் பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அறையின் மூலைக்கு ஓடிவிட்டான்.

அந்தப் பள்ளி டீச்சர் கோபப்படவில்லை. "இந்தச் சத்தம் அவன் காதுக்கு எப்படிக் கேட்கும்னு யோசிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. சர்க்யூட் வரைந்திருந்தோம், ஃப்ளோசார்ட் போட்டிருந்தோம், ரிப்போர்ட்டுக்கு ஸ்பைரல் பைண்டிங்கூடப் போட்டாச்சு. குழந்தையைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்கூடப் படித்திருக்கவில்லை.

அந்தக் கேள்விக்கு அப்புறம் தேடிப் படித்ததைத்தான் இங்கே உங்களுக்குச் சொல்லப்போகிறேன். அந்தப் பையன் என்ன செய்தான் என்பது கடைசியில்.

முதலில், ஆட்டிசம் பற்றிக் கொஞ்சம்

ஆட்டிசம் ஒரு நோய் கிடையாது. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. தமிழில் மதியிறுக்கம் என்று எழுதுகிறார்கள். 1943ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மனநல மருத்துவர் பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் இதைத் தனியாகக் கவனிக்கத் தொடங்கியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ல் சுமார் 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருந்தது. நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 வகைகளில் இதுவும் ஒன்று.

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையைப் போல இன்னொரு குழந்தை இருக்காது. ஒருவர் மூச்சு விடாமல் ரயில் டைம்டேபிள் பேசுவார். இன்னொருவர் வாயே திறக்கமாட்டார். ஆனாலும் பொதுவாகச் சில விஷயங்களைப் பார்க்கலாம். மற்றவர்களின் முகக்குறிப்பு, தொனி, ஜாடை இதையெல்லாம் நம்மைப் போல உடனுக்குடன் படிப்பது கஷ்டமாக இருக்கும். எல்லாம் ஒரே ஒழுங்கில் நடப்பது பிடிக்கும். ஏதோ ஒரு விஷயத்தில் ஆழ்ந்த ஈடுபாடு இருக்கும். ஒலி, ஒளி, தொடுதல் இவை பலருக்கு நம்மைவிட அதிகமாகவோ குறைவாகவோ உறைக்கும். நாம் கவனிக்காமலே கடந்துபோகும் டியூப்லைட் மினுக்கலும், சட்டைக் காலரில் குத்தும் லேபிளும் ஒரு குழந்தையின் முழு நாளையும் கெடுத்துவிடலாம்.

எங்க செர்வோ செய்த தப்பு இப்போ புரியுதா?

மனிதர்கள் இருக்கும்போது ரோபோ எதுக்கு?

நியாயமான கேள்விதான். இதற்கு நம்ம ஊர் உதாரணம் ஒன்று சொல்கிறேன். "சாப்பிட்டியா?" என்ற வார்த்தையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா போனில் கேட்டால் அது பாசம். ஹாஸ்டல் வார்டன் கேட்டால் அது விசாரணை. இரண்டு நாளாகப் பேசாமல் இருந்த ஃப்ரெண்ட் கேட்டால் அது சமாதானம். வார்த்தை ஒன்றுதான். புருவம், குரல், இடைவெளி, நேரம் எல்லாம் சேர்ந்து அர்த்தத்தை மாற்றுகின்றன. நம் மூளை இத்தனையையும் நமக்குத் தெரியாமலே பிரித்துப் படித்துவிடுகிறது.

அப்படிப் படிக்க வராத ஒருவருக்கு மனித முகம் எப்படி இருக்கும்? நம்ம பாஷையில் சொன்னால், சிக்னலைவிட நாய்ஸ் அதிகமான ஒரு சேனல். ரோபோவால் அந்த நாய்ஸைக் குறைக்க முடியும். "வணக்கம்" என்று நூறு தடவை சொன்னாலும் அதே தொனி, அதே வேகம். சலிப்பு இல்லை, பெருமூச்சு இல்லை, "எத்தனை தடவைடா சொல்றது" என்ற முகம் இல்லை. பட்டனை அழுத்தினால் என்ன நடக்கும் என்று குழந்தைக்கு முன்கூட்டியே தெரியும். அது பழகியதும் இன்னொரு அசைவை, இன்னொரு சொல்லைச் சேர்க்கலாம். சிக்கலின் அளவை வால்யூம் மாதிரி கூட்டிக் குறைக்க முடிவதுதான் ரோபோவின் உண்மையான பலம்.

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் பல்கலைக்கழகத்தில் பென் ராபின்ஸ், கெர்ஸ்டின் டாட்டன்ஹான் குழுவினர் ஒரு சுவாரசியமான சோதனை செய்தார்கள். ஊமைக்கூத்துக் கலைஞர் ஒருவரை அழைத்து, ஒருமுறை சாதாரண உடையிலும் இன்னொரு முறை முகத்தை மூடிய வெறுமையான ரோபோ வேஷத்திலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் முன் நிறுத்தினார்கள். ஆள் ஒருவர்தான், அசைவும் ஒன்றுதான். ஆனால் ரோபோ வேஷத்தில் இருந்தபோதுதான் குழந்தைகள் அதிகமாக நெருங்கி வந்தார்கள். அழகான பொம்மை முகம் உள்ள சின்ன ரோபோவையும், முகமே இல்லாத மொட்டை வடிவத்தையும் காட்டியபோதும் மொட்டையைத்தான் முதலில் விரும்பினார்கள். நான்கே குழந்தைகளோடு செய்த சின்ன ஆய்வுதான். ஆனாலும் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாம் கூட்டிக்கொண்டே போகும் வசதிகள் குழந்தைக்குத் தேவைப்படாமல் போகலாம்.

நிலா, விரல், அம்மா

அம்மா இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் காட்சியை நினைத்துப் பாருங்கள். குழந்தை அம்மாவின் விரலைப் பார்க்கும். விரல் போகும் திசையில் நிலாவைப் பார்க்கும். அப்புறம் திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கும். "நீயும் பார்த்தியா?" என்று கேட்கிற மாதிரி.

குழந்தை, பொருள், இன்னொரு மனிதர் என்ற இந்த முக்கோணத்தை இணைந்த கவனம் என்கிறார்கள். குழந்தை வார்த்தைகளைக் கற்றுக்கொள்வதற்கு இதுதான் அஸ்திவாரம். "நிலா" என்ற ஒலி எந்தப் பொருளைக் குறிக்கிறது என்று இந்த முக்கோணம் இல்லாமல் எப்படித் தெரியும்? ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளிடம் இது தாமதமாக வரும், அல்லது வேறு விதமாக வரும்.

ஜப்பானில் ஹிடேகி கொஸிமா உருவாக்கிய கீபான் என்ற ரோபோ இந்த முக்கோணத்தை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. உயரம் 12 சென்டிமீட்டர்தான். ஒன்றின்மேல் ஒன்று வைத்த இரண்டு மஞ்சள் உருண்டை, தொட்டால் மெத்தென்று இருக்கும் ரப்பர் உடம்பு. கண்களில் கேமரா, மூக்கில் மைக். கை கிடையாது, கால் கிடையாது, வாய்கூடக் கிடையாது. செய்யத் தெரிந்தது நான்கு அசைவுதான்: முன்னால் குனியும், பக்கவாட்டில் திரும்பும், இப்படி அப்படிச் சாயும், மேலும் கீழும் குதிக்கும்.

திரும்பினால் "நான் இதைப் பார்க்கிறேன்" என்று அர்த்தம். குதித்தால் "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று அர்த்தம். கவனம், உணர்ச்சி என்ற இரண்டே செய்தி. வளர்ச்சிச் சிக்கல் உள்ள சின்னக் குழந்தைகளின் மையம் ஒன்றில் இதை நீண்ட காலம் வைத்துப் பார்த்தார்கள். யாரையும் அதன்முன் பிடித்து உட்கார வைக்கவில்லை. குழந்தைகள் தாங்களாகவே வந்தார்கள். முதலில் தூரத்திலிருந்து பார்த்தார்கள், பிறகு தொட்டார்கள். கொஞ்ச நாளில் கீபானைப் பார்த்துவிட்டு அம்மாவையோ தெரபிஸ்டையோ திரும்பிப் பார்த்து அந்தச் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். நிலா முக்கோணம் மாதிரியே. இங்கே நிலாவுக்குப் பதில் ஒரு மஞ்சள் உருண்டை.

இன்னொரு விஷயமும் சொல்லணும். கீபான் தானாக யோசித்து எல்லாம் செய்யவில்லை. பக்கத்து அறையில் ஒருவர் கேமராவில் பார்த்துக்கொண்டே இயக்கினார். நம்ம பொம்மலாட்டம்தான், நூலுக்குப் பதில் வயர். இந்தத் துறையின் பல ஆய்வுகள் இப்படித்தான் நடக்கின்றன. ஏஐ இல்லையே என்று நம் ப்ராஜெக்ட் ரிவ்யூவில் மூக்கைச் சுளிக்கிறார்களே, குழந்தைக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.

ஆமையில் தொடங்கிய கதை

இது ஏதோ புது ஃபேஷன் என்று நினைக்காதீர்கள். 1976லேயே ஸ்காட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் சில்வியா வெயர், ரிக்கி இமானுவேல் என்ற இருவர், ஆட்டிசம் உள்ள ஒரு ஏழு வயசுச் சிறுவனிடம் லோகோ ஆமையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்கூல் கம்ப்யூட்டர் லேபில் திரையில் கோடு போட்டுக்கொண்டே போகும் லோகோ ஆமை ஞாபகம் இருக்கா? அதன் மூதாதை, தரையில் நிஜமாகவே ஊர்ந்து போகும் ஒரு சின்ன எந்திரம்.

ஆமைக்குக் கட்டளை கொடுத்தது அந்தச் சிறுவன். அவன் சொன்னபடி அது நகர்ந்தது. ஒரு பொருளைத் தன் இஷ்டப்படி நகர்த்த முடிந்த அந்த அனுபவம், அவன் தானாக மற்றவர்களோடு தொடர்புகொள்ளத் தூண்டுகோலாக இருந்தது என்று அவர்கள் எழுதினார்கள். கவனியுங்கள், ஆமை அவனுக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவன்தான் ஆமையை ஓட்டினான். கட்டுப்பாடு குழந்தையின் கையில் இருந்தது.

காஸ்பர்: வலிக்குதுன்னு சொல்லும் பொம்மை

முன்னே சொன்ன ஹெர்ட்ஃபோர்ட்ஷையர் குழு 1998லிருந்தே இந்தத் துறையில் இருக்கிறது. 2005ல் அவர்கள் செய்யத் தொடங்கியதுதான் காஸ்பர். சின்னக் குழந்தை அளவில் உட்கார்ந்திருக்கும் ரோபோ. முதல் காஸ்பரின் உடம்புக்குத் துணிக்கடையில் நிற்கும் குழந்தை பொம்மையையும், முகத்துக்கு முதலுதவிப் பயிற்சி பொம்மையின் ரப்பர் முகமூடியையும் பயன்படுத்தினார்கள். ஜுகாடு நமக்கு மட்டும் சொந்தம் இல்லை பாருங்க!

அதன் முகம் வேண்டுமென்றே சாதாரணமாக வைக்கப்பட்டது. லேசாகச் சிரிக்கும், லேசாக வருந்தும், கண் இமைக்கும், அவ்வளவுதான். கன்னம், கை, கால், உடம்பு என்று பல இடங்களில் தொடு சென்சார் உண்டு. மெதுவாகக் கிச்சுகிச்சு மூட்டினால் சந்தோஷப்படும். பலமாக அடித்தால் "வலிக்குது" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். சில குழந்தைகளுக்கு எவ்வளவு அழுத்தித் தொடுகிறோம் என்று தெரியாது. பக்கத்துக் குழந்தையை ஆசையாகப் பிடித்தாலும் அது கிள்ளுவது மாதிரி ஆகிவிடும். அந்தக் குழந்தை அழும், அதன் அம்மா சண்டைக்கு வருவார், இவன் எதுவும் புரியாமல் நிற்பான். காஸ்பரிடம் அதே தப்பைப் பத்து தடவை செய்யலாம். யாருக்கும் காயம் இல்லை, யாரும் திட்டவில்லை. பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி, தெளிவாக வரும். நாம சிமுலேட்டர்ல சர்க்யூட்டை எரிச்சு எரிச்சுக் கத்துக்கிறோமே, அது மாதிரி.

ரோபோவிடமிருந்து மனிதரிடம்

இங்கேதான் முக்கியமான கேள்வி வருகிறது. குழந்தை ரோபோவோடு நன்றாக விளையாடினால் போதுமா? அது ரோபோவோடேயே ஒட்டிக்கொண்டு மனிதர்களிடம் வராமல் போய்விட்டால்?

அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகக் குழு 2013ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் தொட்டது. 4 முதல் 12 வயது வரையிலான, ஆட்டிசம் உள்ள 24 குழந்தைகள். ஒவ்வொரு குழந்தையும் மூன்று விதமாக விளையாடியது: ஒரு பெரியவரோடு, ஒரு கம்ப்யூட்டர் கேமோடு, ப்ளியோ என்ற டைனோசர் ரோபோவோடு. மூன்றிலும் பக்கத்தில் இன்னொரு பெரியவர் இருந்தார். ரோபோவோடு விளையாடியபோது குழந்தைகள் அதிகம் பேசினார்கள். அதைவிட முக்கியம், அந்தப் பேச்சில் நிறைய ரோபோவைப் பார்த்து இல்லை, பக்கத்தில் இருந்த பெரியவரிடம் போனது. ரோபோ, பேசுவதற்கு ஒரு விஷயமாக ஆனது.

அதே பல்கலைக்கழகத்தின் பிரையன் ஸ்கசெல்லாட்டி குழு 2018ல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. இந்தமுறை லேபில் இல்லை, வீட்டிலேயே. 12 குடும்பங்களின் வீட்டில் ஜிபோ என்ற மேசை ரோபோவை ஒரு மாதம் வைத்தார்கள். தினமும் அரை மணி நேரம், குழந்தையும் வீட்டுப் பெரியவர் ஒருவரும் சேர்ந்து ரோபோவோடு விளையாட வேண்டும். குழந்தையின் திறமைக்கு ஏற்ப ரோபோ விளையாட்டின் கஷ்டத்தைக் கூட்டிக் குறைக்கும். பேசும்போது பெரியவர் பக்கம் திரும்பி, யாரைப் பார்த்துப் பேசுவது என்று காட்டும். மாத முடிவில், ரோபோ இல்லாதபோதும் பெரியவர்களோடு குழந்தைகளின் இணைந்த கவனம் முன்னேறியிருந்தது.

நல்ல சமூக ரோபோவுக்கு அளவுகோல் இதுதான். குழந்தை அதை எவ்வளவு நேரம் பார்த்தது என்று அளந்தால் போதாது. அதைப் பார்த்துவிட்டு எத்தனை முறை இன்னொரு மனிதர் பக்கம் திரும்பியது என்று பார்க்கணும். பாலத்தின் மேலேயே யாரும் குடியிருப்பதில்லை.

எல்லாம் சரி, நிரூபணம் ஆச்சா?

கொஞ்சம் நிதானமாகப் பேசுவோம். 4 குழந்தை, 12 குடும்பம், 24 குழந்தை. இவை சின்ன எண்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியில் நடந்த ட்ரீம் என்ற திட்டம் இதைவிடப் பெரியது. ருமேனியாவில் நாவோ ரோபோவை வைத்து நடந்தது. அவர்கள் வெளியிட்ட தரவுத்தொகுப்பில் மட்டும் 61 குழந்தைகளின் 3000க்கும் மேற்பட்ட அமர்வுகள், 300 மணி நேரத்துக்கு மேலான பதிவுகள் இருக்கின்றன. இந்த ஆய்வுகளில் தெரிந்தது என்னவென்றால், ரோபோவோடு சிகிச்சை பெற்றவர்களும் மனிதர்கள் மட்டும் கொடுத்த வழக்கமான சிகிச்சை பெற்றவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினார்கள். ரோபோ மாயாஜாலம் எதுவும் செய்துவிடவில்லை. நல்ல தெரபிஸ்ட் கையில் அது இன்னொரு கருவி.

அந்தத் தொகுப்பில் நமக்கு இன்னொரு பாடமும் உண்டு. குழந்தைகளின் வீடியோவை அவர்கள் வெளியிடவில்லை. உடல் அசைவு, தலையின் திசை, பார்வையின் திசை என்று எண்களாக மாற்றியதை மட்டும் கொடுத்தார்கள். பள்ளிக்குப் போன அன்னைக்கே குழந்தைகளோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போட்ட எங்க டீம் தலைகுனிய வேண்டிய இடம் இது.

யார் யாரைப் புரிஞ்சுக்கணும்?

படிக்கும்போது என்னை நிறுத்தி யோசிக்க வைத்த பெயர் டேமியன் மில்டன். இங்கிலாந்தைச் சேர்ந்த சமூகவியலாளர். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. 2012ல் அவர் முன்வைத்த கருத்து இது: ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர்களைப் புரியவில்லை என்று ஒரு பக்கமாகவே சொல்கிறோமே, மற்றவர்களுக்கு மட்டும் அவரைப் புரிகிறதா? சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது.

2020ல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் இதைச் சோதித்தார்கள். நாம் சின்ன வயசில் காதுக்குள்ளே ரகசியம் சொல்லிக் கடத்தும் விளையாட்டு மாதிரி, ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையைப் போலவே நன்றாகக் கடந்தது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் சிதைந்தது.

அப்படியென்றால் "கண்ணைப் பார், சிரி, கையை ஆட்டாதே" என்று குழந்தையை மட்டும் பழக்கும் ரோபோ பாதி வேலைதான் செய்கிறது. சிலருக்குக் கண்ணைப் பார்ப்பதே வேதனை. கண்ணைப் பார்க்காமலும் ஒருவர் உன்னிப்பாகக் கேட்கலாம். குழந்தையை நம்மைப் போல நடிக்க வைக்கும் ரோபோ வேண்டாம். இருவரும் சேர்ந்து ரசிக்க ஒரு பொருளைக் கொடுக்கும் ரோபோ போதும்.

கம்பெனி மூடினால் நண்பன் செத்துவிடுவான்

இது நம்ம டிபார்ட்மென்ட் பிரச்சினை, அதனால் கவனமாகப் படிங்க. யேல் ஆய்வில் வந்த ஜிபோவை நினைவிருக்கா? அந்தக் கம்பெனி மூடியது. 2019ல் தன் சர்வர்கள் நிறுத்தப்படப் போவதாக ஜிபோ தானே தன் வாயால் வீட்டுக்காரர்களிடம் சொன்னது. 2024 டிசம்பரில் குழந்தைகளுக்கான மாக்சி ரோபோவைச் செய்த எம்பாடிட் நிறுவனமும் மூடுவதாக அறிவித்தது. 799 டாலர் கொடுத்து வாங்கிய பெற்றோர், "உன் ஃப்ரெண்ட் இனிமே பேசாது" என்று குழந்தைகளுக்குப் புரிய வைக்க வேண்டியிருந்தது. பிறகு சொந்தக் கம்ப்யூட்டரிலேயே சர்வரை ஓட்ட ஒரு வழியை ஓப்பன் சோர்ஸாகத் திறந்துவிட்டார்கள்.

மாற்றங்கள் பிடிக்காத ஒரு குழந்தையின் தினசரி ஒழுங்குக்குள் ஒரு பொருளைக் கொண்டுபோய் வைக்கிறோம். அது ஒருநாள் காரணம் சொல்லாமல் நின்றுவிட்டால்? கிளவுட் சர்வர் நின்றாலும் சரி, செமஸ்டர் முடிந்து நாம் நின்றாலும் சரி, குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான்.

சரி, நாம என்ன செய்யலாம்?

பல லட்ச ரூபாய் ரோபோ இல்லாமலே நிறைய செய்யலாம். அமெரிக்க உளவியலாளர் டேனியல் லெகாஃப் 2004ல் லெகோ கட்டைகளை வைத்து ஒரு முறையை வெளியிட்டார். மூன்று குழந்தைகள், மூன்று வேலை: படத்தைப் பார்த்துச் சொல்பவர் இன்ஜினியர், கட்டையைத் தேடிக் கொடுப்பவர் சப்ளையர், பொருத்துபவர் பில்டர். ஒருவரோடு ஒருவர் பேசாமல் கட்ட முடியாது. பிறகு வேலையை மாற்றிக்கொள்வார்கள். பேட்டரிகூட வேண்டாம்.

நம்ம சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஐஐடி மெட்ராஸில் படித்த அஜித் நாராயணனின் இன்வென்ஷன் லேப்ஸ் உருவாக்கிய ஆவாஸ், படத்தைத் தொட்டால் குழந்தைக்குப் பதிலாகப் பேசும் கருவி. பேச்சு வராத குழந்தை "தண்ணி வேணும்" என்று மட்டும் இல்லாமல், "எனக்கு இது பிடிக்கலை" என்றும் அதில் சொல்லலாம். தமிழிலும் இருக்கிறது.

ப்ராஜெக்ட் செய்யப்போகும் ஜூனியர்களுக்கு எங்க அனுபவத்திலிருந்து ஒரு சின்ன லிஸ்ட்:

1. முதல் மாதம் சால்டரிங் அயர்னைத் தொடாதீங்க. பள்ளிக்குப் போய், அனுமதி வாங்கி, ஓரமாக உட்கார்ந்து பாருங்க. எந்தக் குழந்தைக்கு என்ன பிடிக்கும், எதைக் கண்டால் பயம் என்று டீச்சரிடமும் பெற்றோரிடமும் கேளுங்க.

2. சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறைங்க. விலை குறைந்த செர்வோ ஆன் ஆனதுமே ஒரு உதறு உதறும், அதையும் கோடில் கவனியுங்க. பஸ்ஸர் வேண்டவே வேண்டாம்.

3. ஒரு செயலுக்கு ஒரே பதில். பட்டனை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அதே நேரத்தில் அதே விளைவு வரணும். "சர்ப்ரைஸ் மோடு" எல்லாம் நமக்குத்தான் ஜாலி.

4. நிறுத்தும் பட்டன் பெரியதாக, குழந்தையின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

5. இரண்டு பேர் சேர்ந்தால்தான் இயங்கும் மாதிரி ஒரு விளையாட்டாவது வையுங்க.

6. இன்டர்நெட் இல்லாமல் ஓடணும். பேட்டரியும் உதிரி பாகமும் பக்கத்துக் கடையில் கிடைக்கணும். எப்படிச் சரிசெய்வது என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி டீச்சரிடம் கொடுத்துட்டு வாங்க.

அந்தப் பையன்

இப்போ பாக்கிக் கதை. காதைப் பொத்திக்கொண்டு ஓடினான் இல்லையா? நாங்கள் ரோபோவை ஆஃப் செய்து, சங்கடத்தோடு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அவன் மெதுவாக மூலையிலிருந்து வந்தான். ரோபோவை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்தான். எல்இடி முகம் தரையில் டொக் என்று இடித்தது. சக்கரத்தை விரலால் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்தான். மறுபடியும் சுற்றினான்.

எங்க டீம் பொண்ணு ஒருத்தி எதுவும் பேசாமல் அவன் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த சக்கரத்தைச் சுற்றினாள். அவன் நிறுத்தினால் அவளும் நிறுத்தினாள். அவன் சுற்றினால் அவளும் சுற்றினாள். ஐந்தாறு நிமிஷம் போயிருக்கும். அவன் சுற்றினான், இவள் வேண்டுமென்றே சும்மா இருந்தாள். அவன் அவளுடைய சக்கரத்தைப் பார்த்தான். அப்புறம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான். "ஏன் சுத்தலை?"

ஒரே ஒரு நொடிதான். எங்க ரோபோ அன்றைக்குச் செய்த உருப்படியான வேலை அது மட்டும்தான். அதுவும் ஆஃப் ஆகியிருந்தபோது.

அதன்பிறகு நாங்கள் எடுத்துப்போனது ஒரு மரப்பெட்டி. இரண்டு பக்கமும் ஆளுக்கொரு சக்கரம், நல்ல பேரிங். இரண்டும் சேர்ந்து சுற்றினால் நடுவில் ஒரு மங்கலான விளக்கு எரியும். மோட்டார் கிடையாது. ரிவ்யூவில் "இதுல இன்னோவேஷன் எங்கப்பா?" என்று கேட்டார்கள், மார்க்கும் குறைந்தது. பெட்டி இப்போதும் அந்தப் பள்ளியில்தான் இருக்கிறது.

வருகிற மே மாதம் எங்க பேட்ச் காலேஜை விட்டுக் கிளம்பிவிடும். விளக்குக்குப் பேட்டரி மாற்ற, பேரிங் தேய்ந்தால் பார்க்க, மாதம் ஒருமுறை போய் வர ஆள் வேணும். புது ப்ராஜெக்ட் தலைப்பு தேடிக்கிட்டு இருக்கிற ஜூனியர்ஸ், உங்களில் யாராவது வர்றீங்களா? முதல் நாள் எதையும் எடுத்துட்டு வர வேண்டாம். வந்து சும்மா பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சக்கரத்தைச் சுற்றினால் போதும்.